பிள்ளைக்கொட்டாயில் ஓர் இடம்

ஆம்பூர்
6 மார்ச்சு 1927, ஞாயிற்றுக்கிழமை

செண்பகம் அக்காவுக்கு, ஒரு காலத்தில் உங்கள் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அருணகிரி எழுதுவது.

என் கோவிந்தம்மாள் போய்விட்டாள். தை மாதக் கடைசியில் காய்ச்சல் என்று படுத்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பேசிவைத்தேன். வண்டி வந்து நின்றபோது அதற்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. உங்களுக்கு உடனே எழுத வேண்டும் என்று கார்டு வாங்கினேன். பேர் எழுதி, ஊர் எழுதி, அதற்கு மேல் கை ஓடவில்லை. இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காரியத்துக்கு வருகிறேன். மகள் தனகோட்டிக்கு இரண்டு வயசு ஆகப்போகிறது. பங்குனி முடிவதற்குள் அவளை நாம் வளர்ந்த பிள்ளைக்கொட்டாயில் கொண்டுவந்து விடுவதாக இருக்கிறேன். எனக்குத் தோல் ஷாப்பில் பட்டை மேஸ்திரி வேலை. விடிந்தால் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வண்டிகள் வந்து நிற்கும். இருட்டினால்தான் வீடு. பகலில் பக்கத்து வீட்டு மஹ்பூபி பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கே வீடு நிறையப் பிள்ளைகள், இப்போது நோன்பு வேறு. கோவிந்தம்மாளுக்கு இருந்த ஒரே அண்ணன் கோலார் சுரங்கத்துக்குப் போனவர் போனவர்தான், ஒரு தகவலும் இல்லை.

ஆனால் கஷ்டத்துக்காகக் கொண்டுவந்து தள்ளுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. கதியில்லாமல் விடுகிறவர்கள் வேறு, நான் வேறு. எனக்குக் கிடைத்த வளர்ப்பு என் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு விடுகிறேன். ஊரில் எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிறார்கள், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் இரண்டு சட்டி வைக்கிறார்கள். நம்மை எடுத்து வளர்த்த பெரியம்மா தன் கடலைக் கொட்டாயைக் காலிசெய்து அத்தனை பிள்ளைகளையும் படுக்கவைத்தாரே, அந்த ஒரு கூரையின் கீழே யாராவது தன் சோறு என்று ஒரு வாய் ஒளித்தது உண்டா? சாப்பாட்டு மணியாகத் தண்டவாளத் துண்டு அடித்தால் எல்லாரும் ஒரே வரிசை, ஒரே களி, ஒரே கடலைத் துவையல். ஒடுகத்தூரில் மிராசுதார் வீட்டுப் பையன் எங்களைப் பார்த்து ‘அநாதைங்க போவுதுங்க’ என்று சொன்னபோது, அது ஏதோ பட்டம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன் நான்.

எங்கள் முதலாளி அஹமது பாஷா சாயபு புது ஆளிடம் சொல்லுவார்: “அவன் கொட்டாய்ல வளந்தவன்பா. அவன் பங்கு வெச்சா ஒருத்தனும் வாய தொறக்க மாட்டான்.” இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன மரியாதை வேண்டும்? அதெல்லாம் உங்கள் கையால் வந்தது.

தனத்துக்கு மேற்குச் சுவர் ஓரமாக இடம் போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான். மூத்த பிள்ளைகளில் யாருக்கு அவளைத் தூக்கி வளர்க்க இடுப்புப் பிள்ளையாகக் கொடுப்பீர்கள்? கொஞ்சம் வாயாடியாகப் பார்த்துக் கொடுங்கள், எனக்கு வாய்த்ததுபோல.

நன்றாகப் பேசுகிறாள். என்னை ‘அண்ணா’ என்று எவ்வளவு சுத்தமாகக் கூப்பிடுகிறாள் தெரியுமா, கேட்டால் சிரிப்பீர்கள்.

உங்கள் அருணகிரி


பிள்ளைக்கொட்டாய், ஒடுகத்தூர்
10 மார்ச்சு 1927

என் அருணகிரிக்கு,

உன் கடிதம் வந்தபோது விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். படித்துவிட்டு முறத்தைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தள்ளிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் முன்னால் நான் அழுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

கோவிந்தம்மாளை நான் ஒரே நாள்தான் பார்த்தேன், விரிஞ்சிபுரத்தில் உங்கள் கல்யாணத்தில். நம் பிள்ளைகள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பரிமாற வந்தவன் நம் வரிசையைக் கண்டும் காணாமல் போனான். கல்யாணப் பெண் மாலையோடு எழுந்து வந்து அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். அப்படி ஒருத்தி உனக்குக் கிடைத்தாள் என்று நான் மாதக்கணக்கில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் போவாள் என்று யார் கண்டது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று ஒரு வரி எழுதவில்லையே. எழுது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தனகோட்டிக்கு இங்கே இடமில்லை.

மேற்குச் சுவர் ஓரம் காலியாகத்தான் இருக்கிறது. அதற்காகச் சொல்லவில்லை. யாரும் இல்லாத பிள்ளைக்குத்தான் கொட்டாய். பெரியம்மா போட்ட சட்டம். அவர் போய் இத்தனை வருஷத்தில் நான் அதை மாற்றவில்லை. தனகோட்டிக்கு நீ இருக்கிறாய். கையும் காலும் நன்றாக இருக்கிறது, மேஸ்திரி வேலை இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஒரு நல்ல பெண் இருக்கிறாள். இதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்?

சாயபுவிடம் கேட்டுப் பகலில் ஒரு நடை வீட்டுக்கு வந்து போ. ராத்திரிக் களியை நீயே கிண்டு. உனக்குக் களி கிண்டத் தெரியும், நான்தான் கற்றுக்கொடுத்தேன், கட்டி தட்டினால் என் பேர் கெட்டுவிடும்.

அது என்ன அண்ணா? நீ அவளுக்கு அண்ணனா? இதைப் படித்து நான் சிரிக்கவில்லை.

இங்கே ஒருத்தி புளியமரத்தில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள். நிறுத்துகிறேன்.

செண்பகம்


ஆம்பூர்
15 மார்ச்சு 1927

மரியாதைக்குரிய செண்பகம் அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சட்டம் பேசியிருக்கிறீர்கள். தாய்மாமன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போதே எத்தனை பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொண்டீர்கள் என்று நான் பேர் பேராகச் சொல்லட்டுமா? அவர்களுக்கெல்லாம் வளைந்த சட்டம் எனக்கு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. தோல் ஷாப்புக்காரன் பிள்ளை, சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் பிடித்தது என்று நினைத்தீர்களோ என்னவோ. ஊரில் பலபேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நான் ஒன்றும் செய்துபார்க்காமல் உங்களிடம் வரவில்லை. கொட்டாயில் எப்படி வளர்த்தீர்களோ அப்படியே வளர்க்கப் பார்த்தேன். வீட்டு உத்தரத்தில் ஓர் இரும்புத் துண்டு கட்டிச் சாப்பாட்டு வேளைக்கு அடித்தேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். தனம் மட்டும் மிரண்டுபோய் மஹ்பூபி வீட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பேன் வரக்கூடாது என்று, நம் வழக்கப்படி தலையை ஒட்ட வெட்டிவிட்டேன். அன்றைக்கு மஹ்பூபி என்னைத் தெருவில் நிற்கவைத்துக் கேட்டாள். “இன்னா காரியம் பண்ணி வெச்சிக்கிறீங்க? பொட்டப்புள்ள தல இது. ஜெயில்ல இருந்து வந்தவ மாதிரி கீறா.” எனக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான் தலை இருந்தது.

போன வாரம் சாயபு வீட்டில் நோன்பு திறக்க ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வந்தது. எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பங்குவைத்தேன். இடுப்புப் பிள்ளைக்குக் கடைசியில்தான் கொடுக்கவேண்டும் என்று நீங்கள் எங்களுக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. தனத்தைக் கடைசியில் நிறுத்தினேன். எங்கிருந்தோ இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து நுழைந்துவிட்டார்கள், அவள் முறை வந்தபோது பொட்டலம் காலி. கையை நீட்டினபடியே நின்றாள். அழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கையை இறக்கிக்கொண்டு போய்விட்டாள். எவ்வளவு நல்ல பிள்ளை பாருங்கள். பெரியம்மா உயிரோடு இருந்திருந்தால் கொட்டாயில் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்.

அண்ணா என்று கூப்பிடுவதில் என்ன தப்பு? நம்மைத் தூக்கிச் சுமந்தவர்கள் எல்லாரும் நமக்கு அக்காவும் அண்ணனும்தானே. அவளைத் தூக்கப் போனால் ‘அண்ணன்கிட்ட வா’ என்றுதான் என் வாயில் வருகிறது. இன்னொரு சொல் இருக்கிறது, தெரியும். அதை நான் என் ஜென்மத்தில் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. சொல்லிப் பழகாத வாயில் அது எப்படி வரும்?

என்னை வளர்த்த இடம் என் பிள்ளைக்கு ஆகாது என்றால், நான் சரியாக வளரவில்லை என்று அர்த்தம். அதை நேராகவே எழுதியிருக்கலாம்.

தங்கள்,
அருணகிரி, பட்டை மேஸ்திரி


பிள்ளைக்கொட்டாய்
21 மார்ச்சு 1927

மகாராஜராஜஸ்ரீ அருணகிரி மேஸ்திரி சமூகத்துக்கு, அம்மாள் ஆகிவிட்ட செண்பகம் பணிவோடு எழுதிக்கொள்கிறாள்.

போதுமா? இன்னும் வேண்டுமானால் சொல், வைத்திருக்கிறேன். மூக்குமேல் கோபம் வந்தால் உனக்கு மரியாதை பொங்கும் என்பது எனக்குப் பழக்கம்தான். ஏழு வயசில் ஒருநாள் என்னை ‘வாங்க போங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாய்.

தோல் நாற்றம் என்று எழுதினாயே, அதற்கு உன்னை நேரில் பார்க்கும்போது இரண்டு வைக்கிறேன்.

பேடா சமாசாரத்தை நான் பலதடவை படித்துவிட்டேன். கையை நீட்டினபடி நின்றாள், அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைத் தாண்டி என்னால் போகமுடியவில்லை. ரொட்டிக்கும் பேடாவுக்கும் தரையில் விழுந்து புரண்டு அழவேண்டிய வயசு அது. அழவில்லை என்றால் அவள் நல்ல பிள்ளை என்று அர்த்தமில்லை அருணகிரி. கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டாள் என்று அர்த்தம். இந்த வீட்டில் அப்படித் தெரிந்துகொண்ட பிள்ளைகளை நான் தினம் பார்க்கிறேன். அவர்கள் எல்லாரும் ரொம்ப நல்ல பிள்ளைகள்தான்.

கடைசியில் கொடு என்று நான் சொன்னது உண்மை. ஏன் சொன்னேன்? இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் யாரும் இல்லை. ஒருத்திக்கு ஒரு கை ஜாஸ்தி போனால் அடுத்தவளுக்கு ராத்திரி முழுக்க நோகும். அதனால் பிரியத்தைக்கூட அளந்து போட்டோம். வேண்டுமென்று இல்லை, வேறு வழி இல்லாமல். நீ என் இடுப்பில் இருந்தபோது உனக்கு முதல் உருண்டை ஊட்ட என் கை எத்தனை தடவை வந்து திரும்பியிருக்கிறது தெரியுமா? உன் வீட்டில் யாருக்கு நோகப்போகிறது? ஒரு பிள்ளைதானே இருக்கிறாள். முதல் பேடாவை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தெருவுக்குக் கொடு. மஹ்பூபியின் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு மஹ்பூபி கொடுப்பாள்.

நீ சரியாக வளரவில்லை என்று யார் சொன்னது? இங்கே வளர்ந்தவர்களிலேயே உன்னைத்தான் நான் எல்லாரிடமும் பேர் சொல்லிப் பேசுகிறேன். அந்த வருஷம் மழை பொய்த்துக் கடலை கருகினபோது, பெரிய பையன்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஊராகக் கூலிக்குப் போனார்கள். கொண்டுவந்ததை அப்படியே பெரியம்மா காலடியில் கொட்டினவன் நீ ஒருத்தன். ஒரு சுருட்டு வாங்கியிருப்பாயோ என்று உன் வாயை முகர்ந்துகூடப் பார்த்தேன். அப்பேர்ப்பட்டவன்.

ஆனால் உனக்கு ஞாபகமில்லாத ஒன்றையும் சொல்கிறேன். கடலை மூட்டை ஏற்ற மாதனூரிலிருந்து வண்டிக்காரர் ஒருத்தர் வருவார், மீசை வைத்த நல்ல மனுஷர். உனக்கு நாலு வயசு இருக்கும். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வண்டி பின்னாலேயே ரோடு வரைக்கும் போவாய். ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கி உன் விரல்களைப் பிரித்துவிட்டு உன்னை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். கடைசியில் அவருக்கே தாங்கவில்லை போல, வேறு வண்டியை அனுப்ப ஆரம்பித்துவிட்டார். கொட்டாய் உனக்கு நல்ல இடமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். போதுமான இடமாக இருந்தது என்று மட்டும் சொல்லாதே. நான் கூட இருந்து பார்த்தவள்.

தலைமுடிக்கு மஹ்பூபியிடம் கேட்டு எண்ணெய் வை. வளர்ந்துவிடும்.

உன் அக்கா


ஆம்பூர்
25 மார்ச்சு 1927

அக்கா,

கோபம் போய்விட்டது. உங்களிடம் அது நிற்காது. ஆனால் முடிவு மாறவில்லை.

சாயபு என்னை மெட்ராஸுக்கு, பெரியமேட்டுக் கிடங்குக்கு அனுப்பப் பார்க்கிறார். பெரிய இடம். தோல் கப்பலுக்குப் போகிற இடம். அங்கே மேஸ்திரியாக இருப்பவனைத் துரைகளே பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். கிடங்கிலேயேதான் படுக்கை. பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது.

அதனால் ஏப்ரல் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தனத்தைக் கொண்டுவருகிறேன். மாதனூர் வரை வண்டி பேசியாகிவிட்டது, அங்கிருந்து நடந்துவிடுவேன். நீங்கள் எவ்வளவு எழுதினாலும் வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப உங்களால் ஆகாது. உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் வருகிறேன்.

மெட்ராஸுக்காக விடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று அவளுக்குக் காது வலி. தூக்கிக்கொண்டு நின்றேன், தட்டிக்கொடுப்பதா, பாடுவதா, தூக்கிக்கொண்டு நடப்பதா, ஒன்றும் தெரியவில்லை. மஹ்பூபி வந்து வாங்கிக்கொண்டதும் அழுகை நின்றது. தெரியாத வேலையை நான் தோல் ஷாப்பிலும் தொடமாட்டேன். ஒரு தொட்டி கெட்டால் அத்தனை தோலும் கெட்டுவிடும். இவள் ஒருத்தி. இவளை நான் கெடுத்துவிட்டால் என்ன செய்வேன்? பிள்ளைகளை வளர்க்கத் தெரிந்த ஒரே ஆள் எனக்கு நீங்கள்தான்.

அருணகிரி


பிள்ளைக்கொட்டாய்
29 மார்ச்சு 1927

அருணகிரி,

இது ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று ஆள் போட்டு மாதனூர் தபாலாபீசுக்கே அனுப்புகிறேன்.

நீ சொன்னது சரி. வாசலில் வந்து நின்றால் நான் எடுத்துக்கொள்வேன். அதனால்தான் வராதே என்று கெஞ்சுகிறேன். இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதப்போகிறேன். பெரியம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன், அவரும் கேட்டதில்லை.

நான் அநாதை இல்லை.

என்னை எங்கப்பா கொண்டுவந்து விட்டார். அணைக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். இரண்டு வருஷமாக வானம் பார்த்த பூமி காய்ந்து கிடந்தது. அம்மாவும் தம்பியும் போய்விட்டார்கள். எனக்கு ஐந்து வயசு இருக்கலாம். தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். யாரும் இல்லாத பிள்ளைகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வழியெல்லாம் எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தார். “அங்க போனதும் என்ன அப்பான்னு கூப்புடக்கூடாதும்மா. யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லணும். சொன்னாதான் சோறு போடுவாங்க.” நான் சரி சரி என்று தலையாட்டினேன். வாய் தவறாமல் இருக்க வழியில் ‘மாமா மாமா’ என்று கூப்பிட்டுப் பழகினேன். நன்றாகச் சொல்கிறாய் என்று அவர் பாராட்டினார்.

வாசலில் பெரியம்மா நின்றார். “யார் பெத்த புள்ளையோ தெரிலம்மா, ரோட்டுல நின்னுகிட்டிருந்துச்சு, கூட்டியாந்தேன்” என்று அப்பா சொன்னார். பெரியம்மா அவரையும் உட்காரவைத்துக் கூழ் ஊற்றினார். அவர் குடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தர் குடிப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்து போனார். நான் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அன்றைக்கு என்னை எல்லாரும் எவ்வளவு நல்ல பிள்ளை, அழவே இல்லை என்று சொன்னார்கள்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் செய்தது சரி. நான் பிழைத்தேன், உன்னைத் தூக்கி வளர்த்தேன், இன்றைக்கு இத்தனை பிள்ளைகளுக்குக் களி கிண்டுகிறேன். பெற்ற பிள்ளையை யாரோ என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்தால் இன்றைக்கும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் வீட்டில் பஞ்சம் இருந்தது. உன் வீட்டில் பஞ்சம் இல்லை.

உன் முதல் கடிதத்தில் பிள்ளை அண்ணா என்று கூப்பிடுகிறாள் என்று படித்ததும் எனக்கு ஏன் ஆகாமல் போயிற்று என்று இப்போது தெரிகிறதா? என் அப்பன் சோற்றுக்காக அந்தச் சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கினான். நீ யாரும் கேட்காமலே உன் பிள்ளை வாயிலிருந்து எடுத்துவிட்டாய். உன் தப்பு இல்லை, உனக்கு அதை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அவளுக்குக் கொடுக்க உன்னால் முடியும்.

காது வலித்தால் என்ன செய்வது என்று எனக்கும் முதலில் தெரியாது. உனக்குக் காது வலித்தபோதுதான் கற்றுக்கொண்டேன். எனக்கு அப்போது பதினோரு வயசு. தூக்கிக்கொண்டு நட. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அழுகை நிற்கும் வரைக்கும் இறக்கிவிடாதே, அவ்வளவுதான் வேலை.

செண்பகம்


ஆம்பூர்
5 ஏப்ரல் 1927

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். நாங்கள் வரவில்லை.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டும் நான் மூட்டையை அவிழ்க்கவில்லை, நிஜத்தைச் சொல்கிறேன். வண்டி வந்தது. தனத்தைத் தூக்கி உட்காரவைத்தேன். பாவாடை, கோவிந்தம்மாளின் ஒரு சேலைத் துண்டு, எல்லாம் ஏற்றியாயிற்று. மஹ்பூபி கதவோரம் நின்றாள். தனம் வண்டியில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கையாட்டினாள். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. உங்கள் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் இப்படித்தான் வந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். வண்டிக்காரரிடம் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவளை இறக்கிக்கொண்டேன். அவர் திட்டிவிட்டுப் போனார்.

நேற்று ரம்ஜான். ஷாப்பு லீவு. சாயபு வீட்டுக்குப் போய் மெட்ராஸ் வேண்டாம் என்று சொன்னேன். “இன்னாப்பா, பேஜார் பண்றியே. இந்த மாதிரி சான்ஸ் மறுபடி வருமா?” என்றார். பிள்ளை இருக்கிறாள் என்றேன். “சர்தான் போ. மத்தியானம் ஒரு நடை வூட்டுக்குப் போய்ட்டு வா, பட்டைய நான் யாரையாவது பாக்கச் சொல்றேன்” என்றார். மெட்ராஸுக்கு வேறு ஒருவன் போகிறான். கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய்.

திரும்பி வந்து மஹ்பூபி வீட்டு வாசலில் நின்றேன். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன் அக்கா, நீங்கள் ‘மாமா மாமா’ என்று சொல்லிக்கொண்டு வந்ததுபோல. யார் சொத்தையோ எடுக்கப் போகிறவன்போல வெட்கமாக இருந்தது. ஒருவழியாகச் சொன்னேன். “தனம், அப்பா வந்துட்டேன்.” அவள் எழுந்து ஓடிவந்தாள். என் காலைத் தாண்டி எட்டி, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று தேடினாள். தெருவில் யாருமில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மஹ்பூபி சேமியாக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ஒரு மாதிரி நின்றாள்.

கிண்ணத்தை வாங்கி முதல் வாயைத் தனத்துக்கு ஊட்டினேன். தெருப் பிள்ளைகள் சுற்றிலும் நின்று பார்த்தார்கள். எனக்குக் கை கூசியது. இன்றைக்கும் கூசியது. நாளைக்குக் குறையும் என்று நினைக்கிறேன்.

இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும். அவசரம் ஒன்றும் இல்லை, நான் எங்கேயும் போகவில்லை.

உங்கள் அருணகிரி


பிள்ளைக்கொட்டாய்
9 ஏப்ரல் 1927

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மேற்குச் சுவர் ஓரம் சாணி மெழுகி, பாய் தட்டிப் போட்டு, தூளிக்கு என் பழைய சேலை ஒன்றைக் கிழித்து வைத்திருந்தேன். வராதே என்று உனக்கு எழுதினவள் நான்தான். நீ கொண்டுவந்து விட்டிருந்தால் அவளை வேறு யாருக்கும் கொடுத்திருக்கமாட்டேன், நானே இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பேன். நீ வளர்ந்து இறங்கின பிறகு இந்த இடுப்பில் நான் யாரையும் வைக்கவில்லை. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். வெயில் சாய்ந்ததும் நீ வரமாட்டாய் என்று தெரிந்தது. பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். நம் வீட்டுப் பையன் ஒருத்தன் அப்பா ஆகிவிட்டான் என்றேன். அதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று சிரித்தார்கள்.

பெரியம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், அன்றைக்கு எல்லாருக்கும் வெல்லம் கொடுத்திருப்பார். நான் கொடுத்தேன். மெட்ராஸும் துரைகளும் கிடக்கட்டும். எனக்கு உன்னை நினைத்தால் இப்போது நெஞ்சு கொள்ளவில்லை.

சித்திரை பிறந்ததும் சாயபுவிடம் லீவு கேட்டுக்கொண்டு தனத்தைக் கூட்டிக்கொண்டு வா. மஹ்பூபியும் பிள்ளைகளும் வரட்டும். இரண்டு நாள் இருங்கள். எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்துக் களி போடுகிறேன். மூன்றாம் நாள் வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள்.

நான் வாசலில் நிற்பேன். இந்த வாசலுக்குப் பிள்ளையோடு வந்த அப்பா, பிள்ளையோடு திரும்பிப் போனதை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்க்கவேண்டும்.

உன் அக்கா,
செண்பகம்